கிழங்கு என்று சொல்லாதீர்கள்

நீங்கள் இருவரும் நம் மீன்தொட்டிக் கடையில் சேர்ந்த அன்று முதலாளி பாய் என்னைக் காட்டி, "இந்தம்மா ரிட்டயர் ஆவுறாங்க. கேக்க வேண்டியத இப்பவே கேட்டுக்குங்க" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். முப்பத்தோரு வயதில் யாரும் ஓய்வு பெறுவதில்லைதான். ஜூனில் என் மகள் எல்.கே.ஜி. சேர்கிறாள். நான் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வந்து போகிறவள்; பள்ளி விடும் நேரத்துக்கும் கடை மூடும் நேரத்துக்கும் எந்த பஸ்ஸும் பாலம் போடவில்லை. விலகுகிறேன். இது சரியான முடிவா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. எந்த முடிவையும் எடுத்த பிறகு மூன்று தடவையாவது திரும்பிப் பார்க்கிற சுபாவம் எனக்கு. போகப்போக நீங்களே கேள்விப்படுவீர்கள்.

அன்று உங்களில் ஒருத்தி மட்டும், நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "அக்கா, ஒரு செடி செத்துப்போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "இலையப் பாத்து ஏமாறாத" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும், அது ஒரு பதிலா என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் மாற்றுவது, ஃபில்டர் கழுவுவது எல்லாம் பாய் சொல்லிக்கொடுப்பார். அவர் சொல்லிக்கொடுக்க முடியாத ஒன்று, திண்டிவனம் கண் ஆஸ்பத்திரித் தொட்டியில் நடந்தது.

அப்போதெல்லாம் நம் கடையில் பிளாஸ்டிக் செடிதான். தாவரவியல் படித்த என்னை பாய் வேலைக்கு வைத்தது கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் தீனி விற்க. மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. நான் உயிர்ச்செடி வைக்கலாம் என்று சொல்லும்போதெல்லாம் பாய் சிரிப்பார். "குவைத்துல ஓட்டல் தொட்டிங்கள பாத்துக்கினு இருந்தவன் நானு. அங்க கரண்ட் போனா முதலாளியே ஓடி வருவான். இங்க போனா யாரும்மா வர்றான்? லைட்டே எரியாத ஊர்ல செடி எப்படி வளரும்?"

லைட் அதிகம் கேட்காத செடிகள் உண்டு என்பதுதான் என் வாதம். அனுபியாஸ், கிரிப்டோ, ஜாவா ஃபெர்ன். மூன்றும் காட்டு ஓடையோரம் மரநிழலில் வளர்ந்து பழகியவை. மெதுவாகத்தான் வளரும். வெளிச்சம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளும். கூடினால்தான் இலைமேல் பாசி படிந்து அவதிப்படும். நான் சொல்லிக்கொண்டே இருந்ததில் பாய் ஒருநாள் அலுத்துப்போய், "சரி, ஒரு தொட்டி. பொழச்சா இந்தக் கடையில செடி உன்னோட வேல. செத்தா நீ தீனி வித்துக்கினு இரு, நான் பிளாஸ்டிக் வித்துக்கினு இருக்கேன்" என்றார்.

அந்த ஒரு தொட்டியைத்தான் கண் ஆஸ்பத்திரி கேட்டது. அங்கே காத்திருக்கும் அறையை வேண்டுமென்றே மங்கலாக வைத்திருப்பார்கள். கண்மணி விரிய மருந்து விட்டு உட்கார வைத்தவர்களுக்கு வெளிச்சம் குத்தும். டாக்டரம்மாவின் மச்சினர்தான் ஆஸ்பத்திரி நிர்வாகம். அவர் அந்த அறையில் டிவி மாட்ட ஆசைப்பட்டார். "இப்ப எல்லா ஆஸ்பத்திரியிலயும் டிவி இருக்குது அண்ணி." டாக்டரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "மருந்து போட்ட கண்ணோட டிவிய மொறச்சிக்கினு உக்காருவாங்க. மீன்னா பாத்தும் பாக்காமலும் இருப்பாங்க" என்றார். கடைசியில் இருவரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். பொங்கல் கழித்து இலவச கண் முகாம். அதற்குள் தொட்டி பார்க்கிறபடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிவி.

தொட்டியை வைத்துவிட்டு வரும்போது தினசரிக் கவனிப்பை மல்லிகா அக்காவிடம் ஒப்படைத்தேன். நோயாளிகளுக்குச் சொட்டு மருந்து விடுவது அவர் வேலை. பிறந்த வீடு கெடார். அண்ணன் தம்பிகள் இன்றைக்கும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் மரவள்ளியும் போடுகிறார்கள். கொல்லையில் மஞ்சள், சேனை. வேலை தெரிந்த கை. அனுபியாஸ் செடியை நூலால் கல்லில் கட்டி வைத்திருந்தேன். விரல் தடிமனில் பச்சையாகப் படுத்திருக்கும் அதன் அடிப்பாகத்தைக் காட்டி, "அக்கா, எல போனாலும் பரவால்ல. இந்தக் கிழங்குதான் உயிரு. இது பத்திரம்" என்றேன்.

"கிழங்கா? அத எங்கிட்ட உடு" என்றார் அவர்.

எனக்கு நிம்மதியாக இருந்தது.

சில நாட்கள் கழித்து, நான் கடையில் இருக்கும்போது அவர் போன் செய்தார். "பாப்பா, உன் செடியெல்லாம் கொழகொழன்னு பூடுச்சு. வெந்த கீரையாட்டம் மெதக்குது. நாத்தம் வேற. மச்சினரு மூக்கப் புடிச்சிக்கினு சுத்தறாரு, ஜல்தி வா."

பாய் எழுந்துபோய் ஒரு பை நிறைய பிளாஸ்டிக் செடி எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். "எல்லாத்தையும் புடுங்கு. இத நடு. யாருக்கும் பேஜாரு வாணாம்." அவர் குரலில் குத்தல் இல்லை. எனக்கு வழி விடுகிற மாதிரிதான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்போது என் மகளுக்கு எட்டு மாதம். நாத்தனார் பார்த்துக்கொள்வாள். பஸ் விக்கிரவாண்டி தாண்டியதும் போன் செய்தேன். "பால் குடிச்சாளா?"

"குடிச்சா அண்ணி. விழுப்புரத்துல பஸ் ஏறும்போது கேட்டீங்களே, அப்பவும் குடிச்சிருந்தா. ஒரே பால எத்தன தடவ அண்ணி குடிக்கறது?"

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் வாடை தெரிந்தது. தொட்டியின் முன்பக்கம் முழுக்க நான் நட்டிருந்த கிரிப்டோ செடிகள் கண்ணாடி போல் ஆகி, கரைந்து, ஃபில்டர் வாயில் சுற்றிக்கொண்டிருந்தன. அனுபியாஸ் செடிகளைத் தேடினேன். கல்லின் மேல் ஒன்றும் இல்லை. நூலெல்லாம் அவிழ்க்கப்பட்டு ஓரமாக இருந்தது. செடிகள் பின்வரிசையில் வரப்புப் போட்ட மாதிரி சீராக நின்றன. அடிப்பாகம் மொத்தமும் கூழாங்கல்லுக்குள். இலைகள் பளபளவென்று இருந்தன.

"பாரு" என்றார் மல்லிகா அக்கா, அடக்க முடியாத பெருமையோடு. "உன் செடி வாட ஆரம்பிச்சதுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு. கிழங்கு வெளிய கெடந்தா செடி எப்படிப் புடிக்கும்? அதான் நல்லா உள்ள வெச்சு அமுக்கி உட்டேன். நான் அமுக்கினதெல்லாம் பச்சுனு இருக்குது பாத்தியா? நீ நட்டதுதான் பூடுச்சு."

யார் பார்த்தாலும் அவர் பக்கம்தான் சரி என்று சொல்வார்கள். நான் படித்தது அதற்கு நேர்மாறாக இருந்தது. கிரிப்டோவை இடம் மாற்றி நட்டால் சில சமயம் இலை மொத்தத்தையும் உதிர்த்துவிடும். அடியில் வேர் உயிரோடு இருந்தால் புது இலை விடும். அனுபியாஸின் அடிப்பாகத்தைப் புதைத்தால் மூச்சு முட்டி அழுகும். அழுகுவது தெரியாமல் இலை கொஞ்ச காலம் பச்சையாகவே நிற்கும். ஆக, செத்த மாதிரி இருப்பதைத் தொடக் கூடாது. நன்றாக இருப்பதை உடனே பிடுங்க வேண்டும். இதையெல்லாம் நான் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். கண்ணால் ஒருதடவைகூடப் பார்த்ததில்லை.

கையை விட்டு அனுபியாஸ் ஒன்றை வெளியே எடுத்தேன். பின்னால் மச்சினரின் குரல்.

"இன்னாம்மா இது? நல்லா இருக்கறத புடுங்கறீங்க, அழுவினத உட்டுட்டீங்க?"

மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், மூடியபடியே, "நாத்தம் எங்க இருக்குதோ அங்க கைய வெய்யும்மா" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

எடுத்த செடியின் அடிப்பாகத்தை அழுத்திப் பார்த்தேன். பாதி கெட்டியாக இருந்தது. மறுபாதி பழுப்பேறி, அழுத்தியதும் விரலோடு வந்தது. அதை மச்சினரிடம் நீட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கேட்டார்: "யாரு இத உள்ள பொதச்சது?"

மல்லிகா அக்கா சொட்டு மருந்து டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றார். சற்றுமுன் இருந்த பெருமை முகத்திலிருந்து போயிருந்தது.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நாம் வாரம் ஒருநாள் தொட்டியைப் பார்க்கிறவர்கள். தினமும் அதன் பக்கத்தில் இருக்கிறவர் வேறு ஒருவர். அவர் தொட்டியை வெறுத்துவிட்டால் அதற்குப் பிறகு எந்தச் செடி வைத்தும் பயனில்லை. அதோடு, அவர் செய்தது அலட்சியத்தால் அல்ல. நான் சொன்ன சொல்லுக்கு அவர் கை கீழ்ப்படிந்தது.

"சார், இதைக் கிழங்குன்னு சொல்லித்தான் குடுத்தேன். உங்க ஊர்ல கிழங்க எங்க சார் வைப்பாங்க?" என்றேன்.

அவர் யோசித்தார். "மண்ணுலதான்."

"அதத்தான் அக்கா செஞ்சாங்க. இது மட்டும் மேல கெடக்கற ஜாதி."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அக்கா மெதுவாக என் பக்கத்தில் வந்து குனிந்தார். "அப்ப இத இன்னான்னுதான் சொல்றது?"

பாடப்புத்தகத்தில் மட்டநிலத்தண்டு என்று படித்தது ஞாபகம் வந்தது. மண்ணுக்குள் இருக்கும் மஞ்சளுக்கும் அதே பெயர்தான் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. அதனால் முன்பாதியை விட்டுவிட்டேன். "தண்டு" என்றேன்.

"தண்டுன்னா வெளியதான் இருக்கும். மொதல்லயே இப்படிச் சொல்லக் கூடாது?" என்றார். டப்பாவை வைத்துவிட்டு சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நூலை எடுத்தார். நான் அழுகியதை வெட்டித் தர, அவர் கெட்டியான துண்டுகளைக் கல்லில் கட்டினார். அவர் முடிச்சு என்னுடையதைவிட இறுக்கமாக இருந்தது. கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன்.

பிறகு கிரிப்டோ. கரைந்த இலைகளை மட்டும் கத்தரித்து எடுத்தேன். ஒரே ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்துவிட்டால் என் சந்தேகம் தீரும். டாக்டரம்மாவிடமும் காட்டலாம். ஆனால் பிடுங்கினால் அது மறுபடி முதலிலிருந்து வேர் பிடிக்க வேண்டும். விரலை மட்டும் கூழாங்கல்லில் விட்டு, மொட்டையாக நின்ற அடியைப் பிடித்து லேசாக இழுத்தேன். வரவில்லை. உள்ளேயிருந்து பதிலுக்கு இழுத்த மாதிரி இருந்தது. என்னிடம் இருந்த ஆதாரம் அவ்வளவுதான்.

வேலை முடிந்தபோது தொட்டி நான் வந்தபோது இருந்ததைவிட மோசமாகத் தெரிந்தது. நாலைந்து கற்கள், அவற்றின்மேல் துண்டு துண்டாக அனுபியாஸ், முன்னால் வெறும் கூழாங்கல். டாக்டரம்மா வந்து பார்த்தார்.

"செத்துப்போச்சா?"

"தெரியல டாக்டர். வேரு புடிச்சிருக்குது. எல வரும்னு நெனக்கிறேன். ஆனா அது வந்து நான் பாத்தது இல்ல."

அவர் பார்வை என் காலடியில் இருந்த, பாய் கொடுத்த பையின் மேல் போனது. "அது என்ன?"

"பிளாஸ்டிக் செடி. இப்ப நட்டா உடனே நல்லா இருக்கும்." அந்தப் பையை நான் திறந்திருந்தால் அன்றைக்கே எல்லோருக்கும் நிம்மதி. "ஆனா நடறதுக்குக் கல்ல நோண்டணும். அடியில இருக்கற வேரு அறுந்துடும்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆபரேஷன் பண்ணி கட்டு போட்டு அனுப்பறேன். பிரிச்சுப் பாக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொல்றேன். வீட்டுக்குப் போனதும் பிரிச்சுப் பாக்கறாங்க. கேட்டா, சரியாயிடுச்சான்னு பாத்தேன் டாக்டர்ங்கறாங்க." மச்சினர் பக்கம் திரும்பினார். "முகாம் வரைக்கும் இருக்கட்டும்."

"முகாம் வரைக்கும்தான் அண்ணி" என்றார் அவர்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நடந்தது ஒன்றுமே இல்லை என்பதுதான் அந்த நாட்களின் கஷ்டம். வீட்டுக்குப் போகும் வழிதானே என்று நான் அடிக்கடி அங்கே இறங்கிவிடுவேன். வெறும் கல். கரண்ட் போகும், வரும். மீன்கள் மொட்டை மாடியில் உலாத்துகிற மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஒரே ஒரு செடியை மட்டும் தூக்கிப் பார்த்துவிடலாம் என்று கையை நனைத்தேன்.

"கைய எடு பாப்பா." பின்னால் மல்லிகா அக்கா. "நீயே சொல்லிட்டு நீயே நோண்டுவியா?"

"இல்லக்கா, சும்மா தொட்டுப் பாக்க..."

"சும்மா தொட்டுப் பாக்கறவங்களுக்குத்தான் இங்க தெனமும் மறுபடி கட்டு போட்டுக்கினு இருக்கறோம். எடு."

எடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போய், தூங்குகிற குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

முகாமுக்கு முதல் நாள் மத்தியானம் போனேன். நடைவழியில் டிவி அட்டைப்பெட்டி சுவரோரம் நின்றது. மச்சினர் சுவரில் எங்கே ஆணி அடிப்பது என்று எலக்ட்ரீஷியனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தொட்டியை முன்னாலிருந்து பார்த்தேன். கல். அனுபியாஸ் துண்டுகள் கெட்டியாகத்தான் இருந்தன. ஆனால் அவை இரண்டு மூன்று இலையோடு, யார் கண்ணுக்கும் செடி என்று படாது. பாய் கொடுத்த பையை அன்றைக்கும் கொண்டுபோயிருந்தேன். இனி அதுதான் என்று நினைத்துப் பையின் முடிச்சில் கை வைத்தேன்.

"இங்க வா" என்று மல்லிகா அக்கா என் கையைப் பிடித்து இழுத்துப்போய், தொட்டியின் பக்கவாட்டில், தரையில் உட்காரச் சொன்னார். டாக்டரம்மா கண் பார்க்கும் சின்ன டார்ச்சை அக்கா எப்போது எடுத்துவந்தாரோ தெரியாது. கண்ணாடியோடு ஒட்டிக் கீழிருந்து அடித்தார். "அந்தக் கருப்புக் கல்லுக்கும் வெள்ளக் கல்லுக்கும் நடுவுல பாரு. காத்தாலேர்ந்து உனக்காகத்தான் ஒருத்தர்கிட்டயும் சொல்லாம இருக்கறேன்."

ஊசி மாதிரி ஒன்று. சுருட்டிய பாய் போல் இறுக்கமாகச் சுருண்டு, செம்பழுப்பாக, கல்லைவிட்டுக் கொஞ்சமே மேலே வந்திருந்தது. டார்ச்சை நகர்த்தினார். அடுத்த செடியிலும் ஒன்று. அதற்கடுத்ததில் இல்லை. அதற்கும் அடுத்ததில் இருந்தது.

அக்காவே போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். அவரும் வெள்ளைக் கோட்டோடு தரையில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டார்ச்சை வாங்கி ஒவ்வொரு செடியாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்து, "டிவிய உங்க ரூம்ல மாட்டிக்குங்க தம்பி" என்றார்.

"அண்ணி, அது யார் கண்ணுக்கும் தெரியலியே!"

"எனக்குத் தெரியுது."

மறுநாள் முகாமுக்கு வந்த கூட்டத்தில் ஒருவரும் அந்த ஊசிகளைக் கவனிக்கவில்லை. மீனைப் பார்த்தார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள். கடைக்குப் போய் பிரிக்காத பையைப் பாய் முன் வைத்தேன். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதை எடுத்துப்போய் அலமாரியில் வைத்தார். அடுத்த வாரம் மீன் தீனிப் பக்கம் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

பிறகு எத்தனையோ தொட்டிகள். கோட்டக்குப்பத்தில் ஒரு வீட்டில் ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் கரும்புள்ளி வரிசையாக வந்துவிட்டது என்று பதறி, அந்த வீட்டம்மா எல்லா இலையையும் நறுக்கிவிட்டார். அது நோய் இல்லை. செடி அடுத்த தலைமுறைக்கு வைத்திருந்த வித்து. அவரிடம் நான் வெறுமனே நோய் இல்லை என்று சொல்லவில்லை. "அது புள்ளத்தாச்சிம்மா" என்றேன். அதற்குப் பிறகு அவர் வீட்டில் யாரும் அந்தச் செடியைத் தொடுவதில்லை. வாடிக்கையாளரிடம் ஒரு சொல்லைக் கொடுக்குமுன், அந்தச் சொல் அவர் கையை என்ன செய்ய வைக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என் வேலையில் பாதி அதுதான்.

கேட்ட கேள்விக்கு இப்போது பதில். இலை பச்சையாக இருந்தால் தண்டை அழுத்திப் பாருங்கள். இலையே இல்லாவிட்டால் அடியைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். பதிலுக்கு இழுத்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் தெரிந்துகொள்ள முடியாது. தெரியாது என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லத் தயங்காதீர்கள். எனக்கு அது சுலபமாக வந்தது. நான் எதிலும் நிச்சயம் இல்லாதவள்.

கண் ஆஸ்பத்திரித் தொட்டிக்கு வியாழக்கிழமை முறை. கிரிப்டோ இப்போது முன்கண்ணாடி வரை அடர்ந்துவிட்டது. மல்லிகா அக்காவைக் கேட்காமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள்.

இன்னொன்று. வியாழக்கிழமை நீங்கள் அங்கே இருக்கும்போது நான் போன் செய்வேன். செய்யாமல் இருக்கப் பார்க்கிறேன், ஆனால் செய்வேன். செடி எப்படி இருக்கிறது, அந்த ஓரத்து அனுபியாஸை ஒருதடவை எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்பேன். பதில் சொல்ல வேண்டாம். போனை மல்லிகா அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.